குற்றச்சாட்டிலிருந்து பிறந்த மதம்

1897 ஏப்ரல் 19 அன்று பாரிஸ் நகரின் புவியியல் கழக அரங்கில் பெருங்கூட்டம் கூடியிருந்தது. பேச வந்தவர் லியோ தக்ஸில். பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் பிரெஞ்சுக் கத்தோலிக்க வாசகர்களுக்கு ஒரு பயங்கரத்தைத் தவணை முறையில் விவரித்து வந்தவர். ஃப்ரீமேசன் சங்கங்களின் உள்வட்டத்தில் சாத்தானை வழிபடும் உலகளாவிய அமைப்பு இயங்குகிறது, டயானா வாகன் என்ற பெண் அதிலிருந்து மனம் திரும்பி வந்து உண்மைகளை வெளியிடுகிறாள் என்பது அவர் சொன்ன கதையின் சாரம். ஆயர்களும் குருக்களும் அதை நம்பினார்கள். 1887இல் போப் பதின்மூன்றாம் லியோவே தக்ஸிலைச் சந்தித்துப் பேசினார். டயானாவை நேரில் பார்க்கலாம் என்று வந்திருந்த கூட்டத்திடம் அன்று தக்ஸில், அத்தனையும் தான் இட்டுக்கட்டியது என்று அறிவித்தார்.

அந்தப் புளுகின் மைய நூல், டாக்டர் பத்தாய் என்ற புனைபெயரில் 1892 முதல் பகுதி பகுதியாக வெளிவந்த 'பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாத்தான்'. அதன் நாயகன் ஒரு கப்பல் மருத்துவர். அவர் இலங்கையின் காலித் துறைமுகத்தில் இறங்குகிறார், புதுச்சேரிக்கு வருகிறார், கல்கத்தாவுக்குப் போகிறார். போகுமிடமெல்லாம் சாத்தானுக்குச் சடங்கு நடப்பதைக் கண்டதாக எழுதுகிறார். ஐரோப்பிய வாசகர்கள் இதை எளிதாக நம்பியதற்கு நீண்ட முன்கதை உண்டு. 1510இல் ரோமில் அச்சான தன் பயண நூலில் லுடோவிகோ தி வர்த்தேமா, கோழிக்கோட்டு அரசனின் வழிபாட்டறையில் முடிசூடி அமர்ந்திருக்கும் பேயைக் கண்டதாக வர்ணித்திருந்தார். 1849இல் கால்டுவெல் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி எழுதிய நூல், அம்மக்களின் தெய்வ வழிபாட்டைப் பேய் வழிபாடு என்றே வகைப்படுத்தியது. அந்த நூலுக்குப் பின்னாளில் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஒருவர் கும்பிடும் தெய்வத்துக்கு மற்றவர் பேய் என்று பெயர் வைப்பதன் விளைவை நம் ஊர்க் கோயில்களும் அனுபவித்திருக்கின்றன. சாத்தானியம் என்ற நவீன மதத்தைப் புரிந்துகொள்ள இந்த அனுபவம் உதவும். ஏனெனில் அந்த மதத்தின் வரலாற்றில் குற்றச்சாட்டு முதலில் வந்தது. அதை ஏற்று, ஆம் நாங்கள்தான் என்று சொன்ன மனிதர்கள் பல நூற்றாண்டுகள் கழித்தே வந்தார்கள்.

விவிலியத்தின் யோபு நூலில் வரும் சாத்தான் கடவுளின் அவையில் நிற்பவன். மனிதரைச் சோதித்துக் குற்றம் காண்பது அவன் வேலை. கடவுளுக்கு எதிரான தீமையின் அரசனாக அவன் வளர்ந்தது பிற்காலத்தில். இடைக்காலக் கிறித்தவ ஐரோப்பா இந்த அரசனுக்குக் குடிமக்களையும் தேடியது. யூதர்கள் மீதும், திருச்சபையிலிருந்து விலகிய குழுக்கள் மீதும் பழி விழுந்தது. 1307இல் பிரெஞ்சு அரசன் நான்காம் பிலிப் டெம்ப்ளர் வீரத்துறவிகளைக் கைது செய்தபோது, 'பாஃபமெட்' என்ற தலையுருவை வணங்கியதாகச் சித்திரவதையின் கீழ் வாக்குமூலங்கள் வாங்கப்பட்டன. அடுத்து வந்த சூனியக்காரி வேட்டைகளில் ஐரோப்பாவில் நாற்பதாயிரம் முதல் அறுபதாயிரம் பேர் வரை கொல்லப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். பெரும்பாலோர் பெண்கள். 1680இல் பாரிஸில் எரிக்கப்பட்ட குறிசொல்லும் பெண் லா வாஸினைச் சுற்றி நடந்ததைப் போன்ற ஓரிரு வழக்குகளில் மந்திரச் சடங்குகள் உண்மையாகவே நடந்திருக்கலாம். ஆனால் சாத்தானை முன்வைத்துக் கோட்பாடும் சமூகமும் தொடர்ச்சியும் கொண்ட ஒரு மதம் அந்நாளில் எங்கும் இருந்ததற்குச் சான்று இல்லை.

மாற்றம் கவிஞர்களிடமிருந்து வந்தது. மில்டன் 1667இல் 'இழந்த சொர்க்கம்' எழுதியது கடவுளின் நீதியை நிலைநாட்டத்தான். ஆனாலும் அவருடைய சாத்தான் வீரமும் துயரமும் பேச்சுவன்மையும் கொண்டவனாக அமைந்துவிட்டான். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து இளைஞர்கள் அவனிடம் ஒரு கிளர்ச்சியாளனைக் கண்டார்கள். வில்லியம் பிளேக், ஷெல்லி, பைரன் ஆகியோர் இந்த வாசிப்பை வளர்த்தார்கள். 1821இல் ராபர்ட் சதே, பைரனையும் அவரைப் போன்றோரையும் சாத்தானியப் பள்ளி என்று சாடினார். அதே ஆண்டு பைரனின் 'கேய்ன்' நாடகம் வந்தது. ரஷ்ய அராஜகவாதி பக்கூனின், அறிவுக்கனியை உண்ணச் சொன்ன சாத்தானை முதல் சுதந்திரச் சிந்தனையாளன் என்று போற்றினார். இத்தாலியில் கார்துச்சி சாத்தானுக்கு ஒரு துதிப்பாடலே எழுதினார். அவருக்கு அவன் அறிவியலின், முன்னேற்றத்தின் உருவம். 1914இல் அனதோல் பிரான்ஸ் எழுதிய 'தேவதூதர்களின் கலகம்' என்ற நாவலை இன்றைய சாத்தானியர்களில் ஒரு சாரார் தங்கள் மூல நூல்களில் ஒன்றாகவே கொள்கிறார்கள். பிறர் மீது சுமத்திய பெயரைச் சிலர் விரும்பி எடுத்துச் சூடிக்கொண்ட இந்தத் திருப்பத்தை டச்சு ஆய்வாளர் ரூபன் வான் லாய்க் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அவர் காட்டும் தடம் சரியானது என்றே நானும் நினைக்கிறேன்.

ஆட்டுத்தலையும் சிறகுகளும் கொண்டு அமர்ந்திருக்கும் பாஃபமெட் உருவமும் இந்தக் காலத்தின் விளைவே. அதை வரைந்தவர் எலிஃபாஸ் லேவி, 1850களின் நடுவில். ஒருகாலத்தில் கத்தோலிக்கக் குருத்துவத்துக்குப் படித்தவர் அவர். ஆண்–பெண், ஒளி–இருள், மேல்–கீழ் என்ற எதிர்நிலைகள் ஒன்றில் அடங்கும் தத்துவத்தைக் காட்டவே அந்தப் படத்தை வரைந்தார். சாத்தானின் உருவப்படம் என்று அது புகழ்பெற்றது பின்னால்.

கவிதையில் இருந்த சாத்தானுக்குச் சபையும் சடங்கும் நாள்காட்டியும் கொடுத்தவர் ஆன்டன் லவே. 1930இல் சிகாகோவில் பிறந்து சான் பிரான்சிஸ்கோவில் வாழ்ந்தவர். இசைக்கருவி வாசிப்பது தொழில். கலிபோர்னியா தெருவிலிருந்த தன் பழைய வீட்டுக்குக் கறுப்பு வண்ணம் பூசி, வெள்ளிக்கிழமை இரவுகளில் அமானுஷ்யம் குறித்துக் கட்டணச் சொற்பொழிவுகள் நடத்தினார். 1966 ஏப்ரல் 30 அன்று 'சாத்தான் சபை'யைத் தொடங்கி, அந்த ஆண்டையே தங்கள் ஊழியின் முதலாண்டாக அறிவித்தார். ஐரோப்பிய நாட்டார் நம்பிக்கையில் ஏப்ரல் 30 சூனியக்காரிகள் கூடும் இரவு. அடுத்த ஆண்டிலேயே சபையின் பெயரால் ஒரு திருமணம், லவேயின் மூன்று வயது மகளுக்கு ஞானஸ்நானம், கடற்படை வீரர் ஒருவரின் இறுதிச்சடங்கு எல்லாம் பத்திரிகையாளர்களின் கேமராக்களுக்கு முன் நடந்தன. இவற்றை வெறும் விளம்பரம் என்று ஒதுக்குவோர் உண்டு. விளம்பர நோக்கம் இருந்தது மெய். ஆனால் பிறப்பு, மணம், இறப்பு என்ற மூன்று வாயில்களிலும் ஒரு குழு தனக்கான சடங்கை வகுக்கத் தொடங்கிவிட்டால், மதம் என்ற நிறுவனத்தின் அடிப்படைப் பணியை அது செய்யத் தொடங்கிவிட்டது என்றுதான் பொருள்.

1969இல் வந்த 'சாத்தானிய விவிலியம்' படிப்பவரை வியக்கவைக்கும் நூல். சாத்தான் என்று ஒருவன் இருப்பதாக அது நம்பவில்லை. கடவுளும் இல்லை, பேயும் இல்லை, மனிதன் பிற விலங்குகளைப் போன்ற ஒரு விலங்கு, பல சமயம் அவற்றைவிட மோசமான விலங்கு என்பது லவேயின் நிலைப்பாடு. சாத்தான் என்பது மனிதனின் உடல் இச்சைக்கும் தன்மானத்துக்கும் கேள்வி கேட்கும் குணத்துக்கும் வைத்த பெயர். துறவுக்கு எதிராக இன்பத்தை, மறுகன்னம் காட்டுவதற்கு எதிராகப் பழிவாங்கலை, எல்லோரிடமும் அன்பு என்பதற்கு எதிராகத் தகுதியுள்ளோரிடம் மட்டும் அன்பை அவர் வைத்தார். ஆண்டின் முதன்மைப் பண்டிகை அவரவர் பிறந்தநாள். சடங்கை உளவியல் நாடகம் என்றார். ஆசை, இரக்கம், அழிப்பு என மூவகைச் சடங்குகள் உண்டு. அடக்கி வைத்த உணர்ச்சியைக் கொட்டித் தீர்க்கவே அந்த இருட்டறையும் மணியும் வாளும். குழந்தைகளுக்குத் தீங்கு செய்யக்கூடாது, உணவுக்கோ தற்காப்புக்கோ அன்றி விலங்குகளைக் கொல்லக்கூடாது என்பவை அவர் வகுத்த பதினொரு விதிகளில் அடங்கும். விலங்குப் பலியும் குழந்தைப் பலியும் கொண்ட சாத்தான் வழிபாடு என்று மக்கள் மனத்தில் பதிந்த சித்திரத்தை, இந்த மதத்தின் முதல் வேதநூலே மறுத்துவிட்டது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. லவேயின் நூலில் எனக்கு ஏற்பில்லாத ஒரு கடுமை இருக்கிறது. அதன் முதல் பகுதியில் பெரும்பங்கு, ராக்னர் ரெட்பியர்ட் என்ற புனைபெயரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த 'வலிமையே நியாயம்' என்ற நூலிலிருந்து எடுத்துத் திருத்தப்பட்டது. மூல நூல் வெளிப்படையான இனவெறி கொண்டது. அந்த வெறியை லவே கத்தரித்துவிட்டார். ஆனால் வலியவன் வாழ்வான், எளியவன் மிதிபடுவான் என்ற சாரம் அப்படியே தங்கியது. அயன் ராண்டின் தன்னலத் தத்துவத்துக்கும் தான் கடன்பட்டிருப்பதை அவரே ஒப்புக்கொண்டார். அவருடைய வாழ்க்கைக் கதையும் சோதனையில் நிற்கவில்லை. சர்க்கஸில் சிங்கம் பழக்கியது, காவல் துறைப் புகைப்படக்காரராக இருந்தது போன்றவற்றுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று 1991இல் 'ரோலிங் ஸ்டோன்' இதழில் லாரன்ஸ் ரைட் எழுதினார். தன்னையே புராணமாக்கிக்கொண்ட நிறுவனர்கள் மத வரலாற்றில் புதிதல்லர். ஒரு மதத்தின் ஆழத்தை நிறுவனரின் வாழ்க்கைக் குறிப்பைக் கொண்டு மட்டும் அளக்க முடியாது.

எல்லாரும் இந்த நாத்திக விளக்கத்தோடு நிறைவடையவில்லை. அமெரிக்க ராணுவ அதிகாரியான மைக்கேல் அக்வினோ, சபையின் பட்டங்கள் விலைக்குப் போவதை எதிர்த்து 1975இல் விலகி 'செத் கோயில்' என்ற அமைப்பைத் தொடங்கினார். எகிப்தியத் தெய்வமான செத் உண்மையில் இருக்கும் ஓர் ஆற்றல் என்பது அவர்கள் நம்பிக்கை. இதனால் ஆய்வாளர்கள் பகுத்தறிவுச் சாத்தானியத்தையும் மறைஞானச் சாத்தானியத்தையும் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். பெற்றோரையும் ஊரையும் சீண்டுவதற்காகப் பதின்வயதினர் தலைகீழ்ச் சிலுவை அணியும் எதிர்ப்புப் பாவனை மூன்றாவது வகை. மத அமைப்போடு அதற்குப் பெரும்பாலும் தொடர்பிருக்காது.

சபை பிறந்து பதினைந்து ஆண்டுகள் ஆவதற்குள் பழைய குற்றச்சாட்டு புதிய வேகத்தோடு திரும்பி வந்தது. 1980இல், கனடாவின் விக்டோரியா நகர மனநல மருத்துவர் ஒருவரும் அவரிடம் சிகிச்சை பெற்ற பெண்ணும் சேர்ந்து எழுதிய 'மிஷேல் நினைவுகூர்கிறாள்' வெளிவந்தது. சாத்தானியர்கள் சிறுவயதில் தன்னை வதைத்ததாக அந்தப் பெண் சிகிச்சையின்போது நினைவுகூர்ந்தவை அதில் இருந்தன. பின்னால் நடந்த விசாரணைகள் எதையும் உறுதிப்படுத்தவில்லை. அதற்குள் அந்நூலின் சித்திரம் சமூகப் பணியாளர்களிடமும் காவலர்களிடமும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலும் பரவிவிட்டது. 1983இல் கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச் நகரில் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளியின் மீது புகார் எழுந்தது. குழந்தைகளிடம் பதிலை ஊட்டும் கேள்விகள் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டன. சுரங்கப் பாதைகள், பறக்கும் சூனியக்காரிகள், இரத்தச் சடங்குகள் என்று வாக்குமூலங்கள் வளர்ந்தன. ஏழு ஆண்டுகள் நீடித்து, ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டாலர் விழுங்கிய அந்த வழக்கு 1990இல் ஒருவருக்கும் தண்டனை இல்லாமல் முடிந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர் அதற்குள் ஐந்தாண்டு சிறையில் கழித்திருந்தார். டெக்சஸில் குழந்தைகள் காப்பகம் நடத்திய ஒரு தம்பதி இருபத்தோரு ஆண்டுகள் சிறையில் இருந்து 2013இல் வெளிவந்தார்கள். அவர்கள் குற்றமற்றவர்கள் என்ற அறிவிப்பு வர 2017 ஆனது.

இந்தப் பகுதியைப் படிக்கும்தோறும் மனம் பதறுகிறது. சூனிய வழக்குகளின் அதே இலக்கணம், இம்முறை உளவியலின் மொழியில். எஃப்.பி.ஐ. நிபுணர் கென்னத் லானிங் பல ஆண்டுகள் இத்தகைய புகார்களை ஆராய்ந்து 1992இல் எழுதிய அறிக்கையில், கொலைகார சாத்தானிய வலைப்பின்னல் இருப்பதற்குச் சான்றில்லை என்றார். பிரிட்டனில் மானுடவியலாளர் ஜீன் லா ஃபோன்டேன் அரசுக்காக 84 வழக்குகளை ஆராய்ந்து 1994இல் அதே முடிவுக்கு வந்தார். குழந்தைகள் வதைபட்ட வழக்குகள் அவற்றில் இருந்தன. சாத்தானியம்தான் இல்லை. உண்மையான கொடுமைக்கு ஆளான குழந்தைகளிடமிருந்து கவனத்தைத் திருப்பியது இந்தப் பீதியின் இன்னொரு கேடு.

2013இல் பொதுவெளிக்கு வந்த 'சாத்தானியக் கோயில்', லவேயின் சபையிலிருந்து கிளைத்ததல்ல. லூசியன் கிரீவ்ஸ், மால்கம் ஜாரி என்ற புனைபெயர்கள் கொண்ட இருவர் இதை நிறுவினார்கள். பள்ளிகளில் பிரார்த்தனைக்கு வழிசெய்த புளோரிடா ஆளுநரைப் பாராட்டுவதாகச் சொல்லி நடத்திய ஒரு கேலிக் கூட்டம்தான் இவர்களின் முதல் பொதுநிகழ்ச்சி. ஆனால் சில ஆண்டுகளிலேயே அந்தக் கேலியைத் தாண்டி உறுப்பினர்களும் கிளைகளும் சடங்குகளும் சேர்ந்தன. இவர்களின் ஏழு நெறிகளில் முதலாவது, எல்லா உயிர்களிடமும் பகுத்தறிவோடு கூடிய கருணை காட்ட முயல்வது. ஒருவரின் உடல் அவருக்கே உரியது, நம்பிக்கை அறிவியலுக்கு இசைந்து அமைய வேண்டும், நீதிக்கான போராட்டம் சட்டத்தைவிட மேலானது, தவறு செய்தால் திருத்திக்கொள்ள வேண்டும் என்பவையும் அவற்றில் உண்டு. லவேயின் வலியவர் அறத்துக்கும் இதற்கும் பாரதூரம். இரு தரப்பும் மற்றவரை உண்மையான சாத்தானியராக ஏற்பதில்லை. தேவாலயங்களும் வரி செலுத்த வேண்டும் என்பது லவே சபையின் கொள்கை. சாத்தானியக் கோயிலோ 2019இல் அமெரிக்க வருமான வரித் துறையிடம் திருச்சபைக்குரிய வரிவிலக்கைப் பெற்றது.

இவர்களின் தலைமையகம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சேலம் நகரில் 2016இல் திறக்கப்பட்டது. 1692இல் சூனியக் குற்றம் சாட்டிப் பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்ட அதே சேலம். அங்கே வைக்கப்பட்டிருக்கும் வெண்கல பாஃபமெட் சிலை எட்டடிக்கும் மேல் உயரமானது. லேவியின் படத்தைத் தழுவி, இருபுறமும் ஒரு சிறுவனும் சிறுமியும் அண்ணாந்து பார்த்து நிற்பதுபோல் வார்க்கப்பட்டது. ஓக்லஹோமா மாநிலச் சட்டமன்ற வளாகத்தில் பத்துக் கட்டளைக் கல்லை நிறுவியபோது, ஒரு மதத்துக்கு இடம் தந்தால் எங்களுக்கும் தர வேண்டும் என்று கேட்டுச் செய்யப்பட்ட சிலை அது. 2015இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் கல்லையே அகற்றச் சொன்னதால் கோரிக்கை முடிவுக்கு வந்தது. பிறகு ஆர்க்கன்சாவில் அதே பிரச்சினை எழுந்தபோது, 2018 ஆகஸ்டில் லிட்டில் ராக் நகரப் பேரணிக்குச் சிலையை லாரியில் கொண்டுபோனார்கள்.

இவர்கள் போடும் வழக்குகள் பலவற்றில் தோற்றிருக்கிறார்கள். மிசூரியில் கருக்கலைப்பு உரிமைக்காகவும், பாஸ்டனில் நகரமன்றத்தைப் பிரார்த்தனையோடு தொடங்கிவைக்கும் வாய்ப்புக்காகவும் போட்டவை அவற்றில் அடங்கும். வென்றவையும் உண்டு. பள்ளி முடிந்த நேரத்தில் கிறித்தவ மன்றங்கள் வகுப்பறைகளைப் பயன்படுத்தலாம் என்று 2001இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அதே கதவின் வழியாக 2016இல் இவர்கள் சாத்தான் மன்றங்களைத் தொடங்கினார்கள். அங்கே பிள்ளைகளுக்கு அறிவியலும் புதிர்களும் கைவினையும்தான், சாத்தானைப் பற்றிய போதனை கிடையாது. பென்சில்வேனியாவில் ஒரு பள்ளி மாவட்டம் முதலில் அனுமதித்துவிட்டுப் பிறகு மறுத்தது. 2023இல் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் 2 லட்சம் டாலர் வழக்குச் செலவைக் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

கடவுளையும் சாத்தானையும் நம்பாத ஒன்று எப்படி மதமாகும் என்று அமெரிக்கத் தொலைக்காட்சி விவாதங்களில் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். சமணமும் பௌத்தமும் தழைத்த மண்ணிலிருந்து பார்க்கும் நமக்கு இந்தக் கேள்வி அவ்வளவு கடினமாக இருக்க வேண்டியதில்லை. சென்னை மாகாண அறநிலையத் துறை ஆணையருக்கு எதிராக ஷிரூர் மடாதிபதி தொடுத்த வழக்கில், 1954இல் நம் உச்ச நீதிமன்றம், படைப்புக் கடவுளை ஏற்காத பௌத்தத்தையும் சமணத்தையும் சுட்டிக்காட்டி, மதத்துக்குக் கடவுள் நம்பிக்கை கட்டாயமில்லை என்றது. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1961இலும் 1965இலும் ஏறத்தாழ அதே இடத்துக்கு வந்தது. கதையும் குறியீடும் சடங்கும் அறநெறியும் கூடி வாழும் சமூகமும் ஒருவரின் வாழ்வைத் தாங்குகின்றன என்றால், அந்தக் கதையின் நாயகன் வரலாற்றில் இருந்தானா என்பது மதத்தன்மையைத் தீர்மானிக்காது. கிறித்தவ வீட்டில் வளர்ந்து, பதின்வயதில் விலகி, தன்பாலீர்ப்பின் காரணமாகவோ கேள்வி கேட்டதாலோ சாத்தானின் பிள்ளை என்று திட்டப்பட்டுப் பின் அந்தப் பெயரையே தன் அடையாளமாக ஏற்றவர்கள் இச்சமூகத்தில் உண்டு. அவர்கள் சிறுவயது ஞானஸ்நானத்தை மறுதலிக்கும் சடங்கில் கண்ணீர் விடும்போது, அது பாவனை என்று வெளியிலிருந்து சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

எண்ணிக்கையில் இது மிகச் சிறிய மதம். இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 2011இல் 1,893 பேரும் 2021இல் 5,054 பேரும் தங்களைச் சாத்தானியர் என்று பதிவு செய்தார்கள். சாத்தானின் பெயரை உண்மையான வன்முறைக்குப் பயன்படுத்தும் குழுக்கள் இதைவிடவும் சிறியவை. ஆனால் இல்லை என்று சொல்வதற்கில்லை. பிரிட்டனில் தோன்றிய 'ஒன்பது கோணங்களின் ஒழுங்கு' நாஜிக் கருத்துகளோடு கலந்தது, கொலையைப் போற்றும் எழுத்துகள் கொண்டது. அதைப் பின்பற்றிய அமெரிக்க ராணுவ வீரர் ஒருவர், தன் படைப்பிரிவே தாக்கப்படும்படி அதன் விவரங்களை வெளியே அனுப்பியதற்காக 2023இல் 45 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். லவேயின் சபையும் சாத்தானியக் கோயிலும் அக்குழுவை அடியோடு மறுக்கின்றன. கறுப்பு உடையணிந்து நூலகத்தில் கூடும் ஐம்பது பேரையும் இந்தக் குழுவையும் ஒரே கோப்பில் வைக்கும் காவல் அதிகாரி, 1980களின் பிழையைத் திரும்பச் செய்வதோடு, தான் பிடிக்க வேண்டியவர்களையும் தவறவிடுவார். லானிங் தன் அறிக்கையில் சக அதிகாரிகளிடம் வற்புறுத்தியதும் இதைத்தான்: சந்தேகத்துக்குரியவர் யாரை வணங்குகிறார் என்பதை விட்டுவிட்டு, சட்டப்படி அவர் செய்த குற்றம் என்ன, அதற்கு ஆதாரம் என்ன என்று தேடுங்கள் என்றார்.